சாவியை எடுத்தும் நிற்காத ஜீப்பு

போடிநாயக்கனூர்
மார்கழி 3

அன்பு மக கார்த்திகாவுக்கு அம்மா எழுதுறது. இங்க நானும் ஒந்தம்பி ஜெகதீசும் நல்ல சொகம். ஒங்கப்பாவும் சொகந்தான், வாய் மட்டும் கொஞ்சம் கூடுதலாச் சொகமா இருக்கு. நீ புனேல நேரத்துக்குச் சாப்பிட்டு ஒடம்பு நல்லா இருக்கியான்னு ஒரு வரி எழுது.

போன் இருக்கையில இதென்ன காயிதம்னு நெனைப்ப. நான் போன எடுத்தா ஒங்கப்பா பக்கத்துலயே துண்ட ஒதறிக்கிட்டு நிக்கிறாரு. நாலு மாசமா ஒங்கூடப் பேச மாட்டாராம், ஆனா நான் பேசுறத ஒரு எழுத்து விடாமக் கேக்கணுமாம். நீயும் லேசுப்பட்டவ இல்ல, அப்பா எப்படி இருக்காருன்னு கேட்டா வாயில இருக்குற முத்து கொட்டிப்போயிரும். அதான் எங்கூடத் தோட்ட வேலைக்கு வர்ற செல்லத்தாய் மகன் புனேக்கு ரயிலேறையில குடுத்துவிடலாம்னு எழுதுறேன். கூட கொஞ்சம் ஏலக்காயும் இருக்கு, டீத்தூள் டப்பாவுல போட்டு வையி.

சங்கதி ஒங்கப்பா ஓட்டுற நம்ம ஜீப்பைப் பத்தித்தான். ஆடியில நீ வந்திருந்தப்ப, ரெண்டு நாளைக்கு ஒருக்க அரை லிட்டர் ஆயில் குடிக்குதேப்பான்னு பானெட்டத் தொறந்த. மெக்கானிக்கு தவசி அண்ணன் பக்கத்துல நின்னாரு. அவருக்கு ரெண்டு வருசமா ஒரே பாட்டு, பிஸ்டன் ரிங்கு போச்சு, என்ஜின எறக்கணும். நீ ஆயில் ஊத்துற மூடியத் தொறந்து கையை வச்சுப் பாத்துட்டு, ரிங்கு இன்னும் தாங்கும்ப்பா, உள்ள சேருற புகை வெளிய போற வழியில ஒரு கம்பிவலை இருக்கு, புகையோட வர்ற ஆயில வடிச்சு உள்ளயே எறக்கிவிடுறது அதோட வேலை, அது அடைச்சுக்கிட்டதால ஆயில் டியூப் வழியா காத்து இழுக்குற பக்கம் போயி எரியுதுன்னு சொன்ன. ஆயில் அளக்குற குச்சியில மேல்கோட்டத் தாண்டி ஊத்தாதப்பா, கூட ஊத்துனா கூடத்தான் குடிக்கும்னும் சொன்ன. எனக்கே வெளங்குச்சு. சட்டியில எண்ணெய் கூடுனா வெளிய தெறிக்கும்னு அடுப்படியில நிக்கிறவளுக்குத் தெரியாதா. ஒங்கப்பாவுக்கும் வெளங்குச்சு, ஆனா தவசி அண்ணன் முன்னாடி வெளங்கக் கூடாதுன்னு இருந்துட்டாரு. ஒனக்கு வேலை கெடைச்சப்ப எம்மக என்ஜின் ஆராய்ச்சி பண்றான்னு ஜீப் ஸ்டாண்டு பூராம் முட்டாய் குடுத்த மனுசன். ஊரான் என்ஜின நீ ஆராயலாம், அவரு என்ஜினுக்குள்ள மட்டும் ஒங்கையி போகக் கூடாது. பானெட்ட ஓங்கிச் சாத்திட்டு, என்ஜின் விடுற மூச்ச அளக்குறதுக்கு ஒரு சம்பளமா, இருபத்தாறு வருசம் மலையேறுனவனுக்கு நீ பாடம் எடுக்குறியான்னு கேட்டாரு. நீ மறுநாள் விடியவும் பையத் தூக்கிட்டுப் போயிட்ட. அம்பு அம்பா போட்டு நீ வரைஞ்சு வச்சிட்டுப்போன படம் டிவிக்கு அடியிலயே கெடந்துச்சு.

அதுக்கப்புறம் ஒம்மேல உள்ள கோவத்தையும் சேத்து ஊத்துனாரு. இந்த வீட்டுல எந்தலைக்கு இத்தன வருசத்துல வச்ச எண்ணெய விட அந்த ஜீப்பு நாலு மாசத்துல குடிச்சது அதிகம். புகைன்னா புகை, பின்னாடி உக்காந்து வர்ற பெரியம்மாள் அக்கா ஒங்கப்பாவப் பாத்து, சுருளிவேல் தம்பி கொசுமருந்து அடிக்கிற வேலையும் சேத்துப் பாக்குதோன்னு கேட்டுச்சு. ஏலக்காய் எடுக்கப் போற பொம்பளைக நாங்க தோட்டத்துல எறங்குறப்ப சேலையெல்லாம் ஒர்க்‌ஷாப்பு நாத்தம். ஒங்கப்பாட்டச் சொன்னா, மலைப் பனிய நீங்க புகைன்னு நெனைக்கிறீகன்னாரு.

போன மாசம், கார்த்திகை ரெண்டாவது வாரம் செவ்வாக்கெழம காலம்பற ஆறரை மணி இருக்கும், போடிமெட்டு ஏறிக்கிட்டிருக்கோம். பின்னாடி பதினோரு பேரு, முன்னாடி நானும் செல்லத்தாயும். கெளம்பையில ஒரு கேன் எடுத்து நல்லாத் தாராளமா ஊத்திட்டுத்தான் வந்தாரு. பாதி மலைக்கு மேல ஒரு கொண்டை ஊசி வளைவு, ஏத்தத்துல கியர் மாத்தக் கிளச்ச மிதிச்சாரு பாரு, என்ஜின் தன்னால கத்த ஆரம்பிச்சிருச்சு. ஆக்சிலேட்டர்ல காலே இல்ல. சாவிய எடுத்தாரு, நிக்கல. டீசல நிப்பாட்டுற கம்பிய இழுத்தாரு, நிக்கல. அது டீசலக் குடிச்சாத்தான நிக்கும், அது குடிக்கிறது இவரு ஊத்துன ஆயில. வெள்ளையும் நீலமுமாப் புகை மூடி வளைவுச் சுவரு எங்க இருக்குன்னே தெரியல. என்ஜின் சத்தம் ஏறிக்கிட்டே போகுது, கீழ ஒரு பஸ்சு ஹாரன் அடிச்சிக்கிட்டே ஏறி வருது. பின்னாடி இருந்த வயசுப்பிள்ளைக ஒண்ணொண்ணா குதிக்குதுக, பெரியம்மாள் அக்கா முட்டிவலிக்காரி, அதால குதிக்க முடியல.

நான் ஒங்கப்பா மூஞ்சியப் பாத்தேன். இருபத்தாறு வருச அனுபவத்துல ஒண்ணுகூட அதுல இல்ல. அப்புறம் அந்த வாயி தன்னால மொனங்குச்சு, "டாப் கியரப் போடு. பிரேக்க விடாத. கிளச்சப் படக்குன்னு விடு." மூணையும் வரிசை மாறாமச் சொல்லிக்கிட்டே செஞ்சாரு. ஜீப்பு ஒரு குதி குதிச்சு, செல்லத்தாய் நெத்தி கண்ணாடியில முட்டி, என்ஜின் செத்துப்போச்சு. அது யாரு சொன்னதுன்னு எனக்குத் தெரியாதா ஆத்தா. ஆடியில அவரு பானெட்டச் சாத்துன பெறகு, ஒருநா சாவிய எடுத்தாலும் நிக்காதுப்பா, அப்ப இப்படிச் செய்யின்னு நீ அவரு முதுகப் பாத்துச் சொன்னது. அது காதுல விழலன்னுதான் நீயும் நெனச்ச, நானும் நெனச்சேன். நாலு மாசமா அத ஒரு சொல்லுக் கொறையாம உள்ள வச்சிருந்திருக்காரு. பஸ்சு எங்களுக்கு நாலு அடி கீழ நின்னுச்சு. செல்லத்தாய் நெத்தி தவிர ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. ஒங்கப்பா கையி மட்டும் ஸ்டியரிங்க விட்டு வரல, நான்தான் ஒவ்வொரு வெரலாப் பிரிச்சு எடுத்தேன். அந்நேரம் மட்டும் எனக்கு நக்கல் பண்ணத் தோணல.

அந்தப் பாக்கியம் சாயங்காலம் வரைக்குந்தான். டீக்கடையில உக்காந்து, எல்லாம் அனுபவம் மாப்ளே, அந்த எடத்துல வேற ஆளா இருந்தா பதிமூணு பேரும் பள்ளத்துலன்னு ஆரம்பிச்சாரு. நெத்தியில பிளாஸ்திரி போட்டுக்கிட்டு பால் வாங்க வந்த செல்லத்தாய், "அண்ணே, மேல பாடம் ஒப்பிச்சீகளே, அது எந்த டீச்சர் சொல்லிக் குடுத்தது"ன்னு கேட்டிருக்கா. அதோட டீய ஊதி ஊதிக் குடிச்சாராம், ஆறிப்போன டீய.

மறுநா தோட்டத்துக்குப் போகல. டிவிக்கு அடியில கெடந்த ஒம்படத்த எடுத்து, தூசியத் துண்டால தொடச்சு, கண்ணாடியப் போட்டுக்கிட்டு தானே கழட்டுனாரு. அந்தக் கம்பிவலை கருப்பு அல்வா மாதிரி வந்துச்சு. தவசி அண்ணன் எட்டிப் பாத்துட்டு, நான் அப்பவே நெனச்சேன்னாரு. ரெண்டு வருசமா நெனச்சதச் சொல்ல மறந்துட்டாரு போல, பாவம். ரெண்டு பேருமாச் சேந்து டீசல்ல ரெண்டு தடவ அலசி, வடியிற ஓட்டையக் குத்திவிட்டு, புது டியூப்பு மாட்டி, கூடுதலா இருந்த ஆயில எறக்கி ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நிப்பாட்டுனாங்க. நல்லவேளை உள்ள ஒண்ணும் ஒடையல. பெறகு மூணு வாரமா வண்டி ஓடுது, கால் லிட்டருக்கு மேல கேக்கல. ஒங்கப்பாவுக்குத்தான் காலையில சோலி இல்லாமப் போச்சு. கேனக் கையில வச்சுக்கிட்டு குச்சிய எடுத்துப் பாக்குறாரு, தொடச்சுத் திரும்பப் பாக்குறாரு, ஊத்த எடமில்லாம உள்ள வந்து உக்காந்துக்கிறாரு.

இப்ப ஸ்டாண்டுல மத்த டிரைவர்களுக்கு இவருதான் வாத்தியாரு. மேல்கோட்டத் தாண்டாத, வலையக் கழுவு, ரிங்கு போச்சுன்னு சொன்னா ஒடனே நம்பாத, எல்லாம் நீ சொன்ன சொல்லு. யாருண்ணே சொன்னதுன்னு கேட்டா, புனேல ஒரு என்ஜினியர் இருக்காரு, அவரு சொன்னாருங்கிறாரு. எம்மகதான்னு சொல்ல வாய் வராம ஒன்ன ஆம்பளையாவே ஆக்கிப்புட்டாரு. நீ சிரிக்காத. எனக்கு அதுல வயித்தெரிச்சல்தான். பொட்டப்பிள்ளைக்கு அறிவு இருந்தா அதுக்கு மீசை வரைஞ்சாத்தான் இந்த ஸ்டாண்டுல உள்ள விடுவாங்க போல. அன்னைக்கு ஜீப்புல எங்கூட இருந்த பன்னெண்டு பொம்பளைகளும் அப்படிச் சொல்லல. கார்த்திகா எப்ப வருவான்னுதான் கேக்குறாக.

நீ வீம்பு பிடிச்சது போதும். அவரா மன்னிப்புக் கேக்க மாட்டாரு, அதுக்கு இன்னொரு வளைவு வேணும், நான் ஏறத் தயாரா இல்ல. முந்தாநா என்னையப் பாக்காம, புனேல குளிரு எப்படியாம்னு கேட்டாரு. எனக்கெப்படித் தெரியும், போன் ஒங்க கையிலதான இருக்குன்னேன். போன்ல ஒம்பேர எடுத்து ரொம்ப நேரம் பாத்துட்டுப் பையில போட்டுக்கிட்டாரு.

ஜெகதீசு லைசென்சு எடுத்துட்டான், மலைக்கு இப்ப வேணாம்னு நான் சொல்லிட்டேன். நீ காலுக்கு சாக்ஸ் போடு, வெறும் பிரெட்டத் தின்னுட்டு லேபுக்கு ஓடாத. சுருளிமலைச் சாமி ஒனக்குத் தொணை இருக்கும், நீ எடுத்த காரியம் எல்லாம் நல்லபடியா முடியும்.

மறக்காம ஞாயித்துக்கெழம மதியம் அவரு நம்பருக்கே போடு. ஜீப்பு எப்படிப்பா ஓடுதுன்னு மட்டும் கேளு. அதுக்கு ஒண்ணுமில்லம்பாரு. ஒடனே வச்சிராத, அந்த ஒண்ணுமில்லையக் கொஞ்ச நேரம் கேட்டுட்டு அப்புறம் வை.

இப்படிக்கு
அம்மா
சு. அனுசியா