ஐந்து வினாடிக்குள் என் பேச்சைத் தட்டணும்

மார்ச் 3, செவ்வாய்

காலை பத்து மணிக்குக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், அவர், மகள், என் அண்ணன். சாமி படத்தையும் சேர்த்தால் ஐந்து பேர். பேசியது பெரும்பாலும் நான்.

நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். போன வியாழன் அவர் ஓட்டிய விமானத்துக்கு எதிரே, அதே உயரத்தில் இன்னொரு விமானம் வந்திருக்கிறது. தரையிலிருந்து வழி சொல்பவர் ‘இறங்குங்கள்’ என்றாராம். விமானத்துக்குள் இருக்கும் மோதல் தவிர்ப்புப் பெட்டி ‘ஏறு, ஏறு’ என்றதாம். இப்படி இரண்டு பேச்சு வந்தால் பெட்டி சொல்வதைத்தான் கேட்க வேண்டும், அதுவும் ஐந்து வினாடிக்குள். எதிரே வரும் விமானத்தின் பெட்டியோடு பேசிவைத்துக்கொண்டு அது சொல்கிறது. நம்மை ஏறச் சொன்னால் அவர்களை இறங்கச் சொல்லியிருக்கும்.

பத்தொன்பது வருஷம் விமானம் ஓட்டிய மனிதர் தரைப் பேச்சைக் கேட்டு இறக்கப் போய்விட்டார். பக்கத்து இருக்கையில் இருந்த துணை விமானி, சின்னப் பெண், “சார், ஏறச் சொல்லுது சார்” என்று கத்தியிருக்கிறாள். உடனே ஏற்றிவிட்டார். நூற்று அறுபத்திரண்டு பேரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாதிப் பேர் தூக்கமாம்.

இப்போது அவரை வீட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். இருபதாம் தேதி சிமுலேட்டரில், அதாவது பொய் விமானத்தில், தேர்வு. தேறாவிட்டால் நிஜ விமானம் கிடையாது.

அண்ணன், “மாப்ள, பேசாம எங்க ஆபீஸ்ல வந்து உக்காருங்க. சரக்கு அனுப்புற பிரிவுல ஒரு எடம் இருக்கு” என்றார். இவர் வாயைத் திறப்பதற்குள் நான், “வருவாருண்ணா. தேர்வ முடிச்சிட்டு மரியாதையா ராஜினாமா பண்ணிட்டு, இருபத்தி மூணாம் தேதி வந்துடுவாரு” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். “சரி” என்றார்.

மார்ச் 4, புதன்

சாமியிடம் வேண்டிக்கொண்டது: தேர்வில் தேறணும். அதுக்கப்புறம் ஓட்டவே கூடாது. பாவம் சாமி, அவருக்கும் இரண்டு பேச்சு.

அவருடைய கையேட்டை அகராதியோடு எடுத்துவைத்துப் படித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம். குக்கர் வாங்கிய அன்றே அதன் கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்தவள் நான். புருஷன் ஓட்டும் விமானத்தின் கையேட்டைத் திறக்கப் பத்தொன்பது வருஷம் ஆகியிருக்கிறது.

மார்ச் 6, வெள்ளி

வீட்டிலேயே பயிற்சி. சாப்பாட்டு மேஜை நாற்காலி விமானி இருக்கை. குடைக் கைப்பிடி பிடித்து ஓட்டும் கட்டை. மகள் பெட்டி. நான் தரை. ஒவ்வொரு முறையும் எத்தனை வினாடி என்று வீட்டுக் கணக்கு நோட்டின் பின்பக்கம் கோடு போட்டு எழுதினேன்.

பத்து முறை நடத்தினோம். பத்து முறையும் என் பேச்சைக் கேட்டு இறங்கினார்.

“அப்பா, நான் பெட்டிப்பா. அம்மா வெறும் தரை. என் பேச்சத்தான் கேக்கணும்.”

“தெரியும்டா. ஆனா அம்மா சொல்றாங்களே.”

மார்ச் 7, சனி

இன்று மகளைத் தரையாக்கி, நான் பெட்டியானேன். எட்டு முறை. எட்டும் சரி, எல்லாம் மூன்று வினாடிக்குள். கெட்டிக்காரர் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். பிறகு இடம் மாறி நான் மறுபடி தரையானேன். நான்கு முறை. நான்கும் இறக்கம்.

எண்களைக் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நோட்டின் பின்பக்கத்தை யாருக்கும் காட்டப் போவதில்லை.

மார்ச் 9, திங்கள்

கேட்டுவிட்டேன். “அன்னிக்கு அந்தத் தரைக்காரர் எப்படிப் பேசினாரு?”

“தரைக்காரர் இல்ல, ஒரு பொம்பள. கொஞ்சங்கூட சந்தேகமே இல்லாத குரல். அத கேட்டா, சரின்னு சொல்லத்தான் தோணும்.”

மகள் தட்டைப் பார்த்தபடி, “வீட்ல பழக்கம்ல” என்றாள்.

எழுந்து அடுப்பங்கரைக்குப் போனேன். அங்கே ஒரு வேலையும் இல்லை. கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். அப்போ நானா? இருபத்திரெண்டு வருஷமா ஒரு மனுஷனுக்கு ‘சரி’ன்னு ஒரு வார்த்தைய மட்டும் கத்துக் குடுத்துட்டு, அவர் நல்லவரு, எதுத்துப் பேசமாட்டாருன்னு பக்கத்து வீட்ல பெருமை வேற அடிச்சிருக்கேன். பொம்பளையா நான், கன்ட்ரோல் டவரா?

மார்ச் 10, செவ்வாய்

சாமியிடம் ஒன்றும் கேட்கவில்லை. பூ மட்டும் வைத்தேன்.

மார்ச் 12, வியாழன்

இனி பயிற்சி அவருக்கு இல்லை, எனக்கு. என் பேச்சைத் தட்டினால் தாங்கிக்கொள்ளும் பயிற்சி.

“இறங்குங்க” என்றேன். குடையை மேலே இழுத்தார். தரைக்கு அவர் சொல்ல வேண்டிய பதிலைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: “முடியாது. பெட்டி சொன்னபடி ஏறுறேன்.”

நாலரை வினாடி. கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் ‘முடியாது’ கேட்டதில்லை. கோபித்துக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர், “அடுத்தது சொல்லு” என்றார்.

குரலை உயர்த்திப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். “நான் சொல்றேன்ல, இறங்குங்கன்னா” என்று அழுகிற மாதிரிகூடச் சொன்னேன். ஏறிக்கொண்டே இருந்தார். கடைசி முறை இரண்டரை வினாடி.

நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாகவே இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

கோயிலுக்குக் கிளம்பும்போது, நீலச் சட்டையைப் போடச் சொன்னேன். “முடியாது” என்றார். மகளுக்குப் புரையேறிவிட்டது. அவரே பயந்துபோய், “பழக்கத்துல வந்துடுச்சும்மா” என்றார்.

ஆனால் பச்சைச் சட்டையில்தான் வந்தார். அவருக்குப் பச்சை எடுப்பாக இருக்கிறது. இதையும் இவ்வளவு நாள் கழித்துத்தான் பார்க்கிறேன்.

மார்ச் 20, வெள்ளி

தேறிவிட்டார். பொய் விமானத்தில் மூன்று முறை பெட்டி ஒன்று சொல்ல, தரை வேறொன்று சொன்னதாம். மூன்றிலும் இரண்டு வினாடி. எங்கே பழகினீர்கள் என்று தேர்வு நடத்தியவர் கேட்டதற்கு, “வீட்ல தரைக் கட்டுப்பாடு கொஞ்சம் கண்டிப்பு சார்” என்றாராம். இதை வந்து என்னிடமே சொல்லிச் சிரிக்கிறார்.

சாயங்காலம் அண்ணன் போன் செய்தார். “திங்கக்கெழமை ஒம்பது மணிக்கு வரச் சொல்லும்மா.”

‘வருவாருண்ணா’ வாய்வரைக்கும் வந்துவிட்டது. அவர் எதிரே உட்கார்ந்து ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். விமானத்துக்குப் போடுகிற ஷூ.

“கேட்டுச் சொல்றேண்ணா.”

அண்ணனுக்கு நிஜமாகவே புரியவில்லை. “யாரக் கேட்டு?”

மார்ச் 21, சனி

நேரில் கேட்கலாம் என்று மகளிடம் ஒத்திகை பார்த்தேன். “அம்மா, இது கேள்வி இல்ல, உத்தரவு” என்றாள். இன்னொரு முறை மெதுவாகக் கேட்டேன். “இது கெஞ்சுற உத்தரவு” என்றாள். அதனால் இங்கே எழுதி, இந்த டைரியைத் திறந்தபடியே மேஜையில் உங்கள் இடத்தில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போகிறேன்.

அண்ணனிடம் உங்களைக் கேட்காமல் சொன்னது என் தவறு. எனக்குப் பயம்தான். வானத்தில் சத்தம் கேட்டால் இப்போதும் கை வேலை நின்றுவிடுகிறது. அந்தப் பயத்தை நான் வைத்துக்கொள்கிறேன். அதற்காக நீங்கள் சரக்குப் பிரிவில் உட்கார வேண்டாம். உட்கார உங்களுக்கே விருப்பம் என்றால் அதுவும் சரிதான்.

விமானமா, அண்ணன் ஆபீஸா? உங்களுக்கு எது வேண்டும்? அண்ணன் நாளைக் காலை போன் செய்வார். கீழே இடம் விட்டிருக்கிறேன். அதற்குள் பதில் எழுதிவிடுங்கள்.