கச்சிராயபாளையம் சாலையில் நீ சொன்னது

இன்று காலை கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் வெள்ளிமலை வண்டி வந்து நின்றது. கூரையிலிருந்து பலாப்பழங்களை இறக்கினார்கள். அந்த வாசனையோடு திரும்பினால், எதிர்ச்சுவரில் உன் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. ‘நட்புக்காக உயிரையே கொடுப்பவர்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். செத்தவனைத் திட்டக் கூடாதாம். உயிரோடு இருந்தவரை நீ என்னைப் பேசவிட்டாயா?

நம் இளவயதில் அந்த வெள்ளிமலைப் பயணத்துக்குக் கூப்பிட்டது நீதான். தட்டச்சு வகுப்பில் நமக்கு அடுத்தடுத்த இயந்திரம். “சும்மா பஸ்ஸுலியே மேல போய்ட்டு வரலாம் வாடா, ஆத்தப் பாத்துகினே போலாம்” என்றாய். சன்னலோரத்தை எனக்குக் கொடுத்தாய். கோமுகி அணையைத் தாண்டியதும் வளைவுக்கு வளைவு பள்ளத்தாக்கு திறந்து மூடியது. கீழே கரும்புக் கொல்லைகள் சின்னதாகிக்கொண்டே போயின. சாமை வயல்களுக்கு நடுவே நாலைந்து வீடு தெரிந்தால் அங்கே ஒரு நிறுத்தம். மலைக்காரர்கள் கூடையோடு ஏறி இறங்கினார்கள். கரியாலூரில் டீ குடித்தோம். அதுவரை அந்த நாள் அழகாகத்தான் இருந்தது. அதற்கும் சேர்த்துத்தான் உன்மேல் எனக்குக் கோபம்.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த காலம் அது. நாம் இறங்கி வந்தபோது, கச்சிராயபாளையத்துக்கு முன்னால் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். தடிகளோடு சிலர் வண்டிக்குள் ஏறினார்கள். ஒவ்வொருவரிடமும் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டார்கள். நீ அவர்கள் சாதி. நான் காலனிக்காரன்.

என்னைக் காட்டிக் கேட்டபோது நீ தயங்கவில்லை.

“நம்ம பையன்தாங்க. எங்க சித்தப்பா மவன்.”

நகர்ந்து போனார்கள். அத்தோடு முடிந்திருந்தால் காலமெல்லாம் உனக்கு நன்றி சொல்லியிருப்பேன்.

முன் இருக்கையில் எங்கள் காலனிப் பெரியவர் ஒருவர் இருந்தார். மலையில் துடைப்பப்புல் வாங்கி வந்து கட்டி விற்பவர். தெருவைச் சொன்னதும் அவரைச் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். முதல் அடியே காதில் விழுந்தது. கீழே கிடந்தபடி என்னைப் பார்த்தார். கூப்பிடவில்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. நான் எழுந்தேன். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். உதறிவிட்டு இறங்கி, நானும் அவர் தெருதான் என்று சொன்னேன்.

அவர்கள் உன் பக்கம் திரும்பினார்கள்.

“இன்னாடா, சித்தப்பா மவன்னு சொன்ன?”

“இவன் யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. பஸ்ஸுல பேசிகினு வந்தான், அவ்ளோதான்.”

அதன்பிறகு என்மேல் விழுந்த அடிகள் ஆறிவிட்டன. மரத்தை ஓரமாக இழுத்து வண்டிக்கு வழிவிட்டார்கள். நீ அதிலேயே போனாய். சன்னல் வழியாக ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு கரும்புக் கொல்லை வழியாக நடந்தார். காதிலிருந்து ரத்தம் ஒழுகியது.

“பேசாம குந்திகினு இருந்திருக்கலாமே நீ” என்றார்.

நீ மன்னிப்புக் கேட்கவே இல்லை. டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் முதல் பாதியை மட்டும் சொல்லித் திரிந்தாய், அதுவும் என்னை வைத்துக்கொண்டே. நீ இல்லாவிட்டால் அன்றைக்கு நான் காலியாம். மீதியைச் சொல்ல வாயெடுத்தால் நன்றி கெட்டவன் என்று சிரிப்பாய். கூட இருந்தவர்களும் சிரிப்பார்கள்.

மதியம் உன் மகன் வீட்டுக்கு வந்தான். உன் படத்திறப்பில் நான் பேச வேண்டுமாம்.

“அப்பா உங்களக் காப்பாத்துனத நீங்க வாயால சொல்லணுங்க.”

உட்காரவைத்து முழுவதையும் சொன்னேன். கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உன்மேல் அந்த இரக்கம் வரவில்லை.

அந்தப் பெரியவர் அன்று வீடு வந்து சேரும்வரை என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. அந்தக் கனம் இன்னும் இருக்கிறது. அவர் செத்தபோது பாடைக்குத் தோள் கொடுத்தேன். உன்னைத் தூக்க நான் வரவில்லை.