பொறுக்கிக் கொடுத்த தோட்டாக்கள்

இன்று காலை வங்கி மேலாளர் என்னை உள்ளே கூப்பிட்டு ஓர் அட்டைப் பெட்டியை நீட்டினார். காவல் துப்பாக்கிக்குப் புதுத் தோட்டாக்கள் வந்திருக்கின்றனவாம். நான் இந்த வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த இரட்டைக் குழல் துப்பாக்கி ஒரு தடவைகூட வெடித்ததில்லை. இனி வெடிக்கவும் போவதில்லை. இருந்தாலும் பெட்டியைப் பிரித்ததும் பித்தளையும் எண்ணெயும் கலந்த அந்த வாசனை வந்தது. கை பாட்டுக்கு ஒரு தோட்டாவை எடுத்து மேசைக் கண்ணாடிமேல் படுக்கவைத்து உருட்டியது.

"ஏனுங்ணா, கோலிக்குண்டா வெளையாடறீங்க?" என்று கேஷியர் பெண் சிரித்தாள்.

"ஈரம் பாஞ்சு உப்பியிருக்குதான்னு பாக்கறனுங்க அம்மணி" என்றேன். பொய்தான். உன்னைப் பார்த்துப் பழகிய கை அது. நீ போய் இத்தனை காலமாகியும் அதற்குப் புத்தி வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். யாருக்குப் போகும் என்று கேட்காதே.

படையில் சேருமுன் நீ பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு குஞ்சு பொரிக்கும் பண்ணையில் முட்டை தரம் பிரித்துக்கொண்டிருந்தவன். மறைந்திருந்து தூரத்துக் குறியைச் சுடும் பயிற்சிக்கு நம் இருவரையும் தேர்ந்தெடுத்தபோது, சுடுவதைவிடத் தோட்டாவைப் பொறுக்குவதில்தான் உனக்கு ருசி அதிகம். ஒவ்வொன்றாக உள்ளங்கையில் போட்டுக் கனம் பார்ப்பாய். காதோரம் வைத்து ஆட்டுவாய். பிறகு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் மல்லாத்திப் போட்டு அதன்மேல் உருட்டுவாய். குண்டு நேராக உட்காராத தோட்டாவாக இருந்தால் உருளும்போது மூக்கு ஆடும். "இது கூமுட்டை" என்று ஒதுக்கிப்போடுவாய். சவரம் செய்யக் கண்ணாடி கேட்டு மற்றவர்கள் கத்துவார்கள். நீ காதில் போட்டுக்கொள்ளமாட்டாய்.

ஒரே லாட்டில், அதாவது ஆலையில் ஒரே தவணையில், செய்த தோட்டாக்களை மட்டும் சேர்த்து வைத்துக்கொள்வதுதான் நம் வேலையின் அரிச்சுவடி. ஒரு லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் உள்ளே இருக்கும் மருந்தின் வேகம் கொஞ்சம் மாறும். கிட்டத்தில் அது தெரியாது. எதிர்மலைத் தூரத்துக்குப் போனால் குண்டு ஒரு முழம் இறங்கிவிடும். ஒரு லாட்டுக்குக் குறி சரிசெய்து வைத்த துப்பாக்கியில் இன்னொரு லாட்டைப் போடுவது, அடுத்தவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பது மாதிரி.

நம் முதல் சந்திப்பு நினைவிருக்கிறதா? பயிற்சி மையத்தில் நான் அவிநாசிப் பக்கம் என்றதும் "எந்தத் தோட்டமுங்க?" என்று கேட்டாய். சொன்னேன். உடனே குனிந்து என் டிரங்குப் பெட்டியைத் தூக்கினாய். "டேய், இங்க ரெண்டு பேரும் சிப்பாய்தான், பொட்டியக் கீழ போடு" என்று கத்தினேன். உன் அப்பா காலமெல்லாம் அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர். என் அப்பா தோட்டத்துக்காரர். கிணறு வற்றி, தோட்டம் பேருக்குத்தான் இருந்தது. அதனால்தான் நானும் பட்டாளத்துக்கு வந்தேன். வற்றினாலும் ஊரில் அவர் பண்ணாடிதான். உன்னைப் போன்றவர்கள் எங்களைக் கூப்பிடும் அந்தச் சொல் உன் வாயிலிருந்து போக ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வரவேண்டியிருந்தது.

ஒருநாள் சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற நீ திரும்பி "தட்ட நீட்டு மாப்ள" என்றாய்.

"மாப்ளயா? அப்ப உன்ற தங்கச்சி எங்கடா?"

"எனக்குத் தங்கச்சியே இல்ல மாப்ள. அந்தத் தைரியத்துலதான் கூப்படறேன்."

வரிசையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம். ஊரில் யாராவது அதைக் கேட்டிருந்தால் வெட்டுக்குத்து ஆகியிருக்கும். அதற்குப் பிறகு நாம் ஒரே தட்டில்தான் சாப்பிட்டோம். ஊருக்குப் போனால் என்ன செய்வது என்று இரண்டு பேருமே பேசிக்கொண்டதில்லை.

அப்புறம் அந்த மலை. தொண்ணூறுகளின் கடைசி. எதிர்மலையிலிருந்து சுட்டுக்கொண்டே இருந்தார்கள். நம் ஆட்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பாதை அடைபட்டுக் கிடந்தது. மறுநாள் காலை அதைத் திறக்கவேண்டும் என்று நம் இருவருக்கும் உத்தரவு. கழுதைமேல் தோட்டாப் பெட்டி வந்தது. பிரித்துப் பார்த்தால் புது லாட். சுட்டுப் பார்த்துக் குறியைச் சரிசெய்துகொள்ள வழியில்லை. ஒரு சத்தம் கேட்டால் நாம் இருக்கும் இடம் தெரிந்துபோகும். பழைய லாட்டில் கொஞ்சம்தான் மீந்திருந்தது.

பொறுக்குவது எப்போதும் உன் வேலை, டீ போடுவது என் வேலை. தார்ப்பாய்க்குக் கீழே நீ கண்ணாடியை வைத்து உருட்டிக்கொண்டிருந்தாய். நான் பனிக்கட்டியை உருக்கிக்கொண்டிருந்தேன். டீ கொதிக்கும்போது நீ தோட்டாக்களை நிரப்பி மூடிய பையை என்னிடம் நீட்டினாய்.

"இந்தா மாப்ள, உன்ற பங்கு."

"பழசு எத்தன?"

"பாதிப்பாதி. மொதல்ல பழசச் சுடு. புதுசக் கடைசிக்கு வெச்சுக்கோ."

டீயை ஊதிக் குடித்தாய். சர்க்கரை போதவில்லை என்று திட்டினாய்.

காலையில் இரண்டு பாறைகளுக்குப் பின்னால் ஆளுக்கொருவராகப் படுத்தோம். முதலில் நீ சுட்டாய். குறிக்குக் கீழே, கல்லில் பட்டுப் புழுதி எழும்பியது. காற்றாக இருக்கும் என்று நினைத்தேன். மறுபடி சுட்டாய். மறுபடியும் கீழே. பழசு அப்படி இறங்காதே என்று நான் நினைத்து முடிப்பதற்குள் அவர்கள் உன்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரே குண்டுதான், உன் தலை பாறைமேல் சாய்ந்தது. நான் சுட்டேன். வைத்த இடத்தில் பட்டது. அடுத்ததும் வைத்த இடத்தில் பட்டது. பாதை திறந்துவிட்டது என்று தோளைத் தட்டினார்கள். எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. யாரோ செய்த வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றமாதிரி இருந்தது.

உன் சாமான்களை ஒப்படைக்க என்னைத்தான் எடுத்துவைக்கச் சொன்னார்கள். உன் பையைக் கவிழ்த்தேன். தோட்டாவின் அடியில் வருஷம் பொறித்திருக்குமே, அதைப் பார்த்தேன். எல்லாம் புதுசு. ஒன்றுகூடப் பழசு இல்லை. பிறகு என் பையைக் கவிழ்த்தேன். எல்லாம் பழசு. அதிலும் நீ பொறுக்கியது. கூமுட்டை ஒன்றுகூட இல்லை.

மூடப்பயல் என் உயிரைக் காப்பாற்றிவிட்டுப் போய்விட்டான் என்று நினைத்தேன். சினேகிதன் என்றால் இப்படித்தான் என்றும் நினைத்தேன். அந்த நினைப்போடு இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விடுப்பில் வந்தபோது பல்லடத்தில் பஸ் மாறி உன் ஊருக்குப் போனேன். வாசலில் நிலக்கடலை காய்ந்துகொண்டிருந்தது. நான் யார், எந்தத் தோட்டம் என்று சொன்னதும் உன் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "வாங்க சாமி" என்றார். உனக்கும் எனக்கும் ஒரே வயது.

"நீங்க உக்காருங்க, நா உங்க பையன் மாதிரிங்க" என்றேன். உட்காரவில்லை.

"பையன் ரொம்ப செரமப்பட்டானுங்களா?"

"இல்லீங்க. தெரியறதுக்கு முன்னாலயே முடிஞ்சுபோச்சுங்க."

"செரிங்க" என்றார். உள்ளே உன் அம்மா அழும் சத்தம் கேட்டது. தோட்டாவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். திரும்பிப் போகும் பஸ் எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டேன்.

கிளம்பும்போது "ஒரு நிமிசம் இருங்க" என்று அவர் கடலைக் குவியலுக்குப் பக்கத்தில் குத்தவைத்தார். மஞ்சப்பை ஒன்றை விரித்துக்கொண்டு பொறுக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு காயையும் உள்ளங்கையில் போட்டுக் கனம் பார்த்தார். காதோரம் வைத்து ஆட்டினார். முற்றிய காய் பைக்குள் போனது. உள்ளே பருப்பில்லாத பொக்குக் காய் அவர் பக்கம் போனது.

"எல்லாம் கலந்தே போடுங்க, பரவால்லீங்க" என்றேன்.

"அதெப்படிங்க? பண்ணாடி ஊட்டுக்குப் பொக்கு போகலாமுங்களா?" என்றார். மகனைப் பறிகொடுத்த வீட்டில், அவருக்கு அது யோசித்துச் செய்கிற காரியமாகவே இல்லை. வெயில் வந்தால் கண்ணைச் சுருக்குகிறமாதிரி கை அதைச் செய்தது.

எனக்கு உள்ளே ஏதோ நின்றுபோனது அந்த இடத்தில்தான், மலையில் இல்லை. அவர்மேல் கோபம் வந்தது. உன்மேல் அதைவிடக் கோபம் வந்தது. பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அவிநாசி வரும்வரை மடியில் வைத்திருந்தேன். அந்தக் கடலையை என் அம்மா வறுத்து எல்லாருக்கும் கொடுத்தாள். நல்ல முத்தான கடலை என்றார்கள். நானும் தின்றேன். ருசி தெரியவில்லை.

இப்போது காய்கறிக் கடையில் யாராவது எனக்கென்று நல்லதாகப் பொறுக்கிப் போட்டால் கையைப் பிடித்து நிறுத்திவிடுகிறேன். கிடப்பதை அள்ளிக்கொண்டு வருகிறேன். "சொத்தக் கத்திரிக்காய வாங்கீட்டு வரதுக்குன்னே பொறந்தீங்களா?" என்று வீட்டில் திட்டு விழுகிறது. விழட்டும்.

உன்னிடம் கேட்க எனக்கு இருப்பது ஒன்றுதான். தார்ப்பாய்க்குக் கீழே அந்தப் பையை நீட்டினாயே, அதை மாப்ளைக்குக் கொடுத்தாயா, பண்ணாடிக்குக் கொடுத்தாயா? நீ யோசித்துக் கொடுத்தாயா, உன் கை பாட்டுக்குக் கொடுத்ததா? மாப்ளைக்குத்தான் என்று சொல்வாய். எனக்குத் தெரியும். என் மனசு கோணக்கூடாது என்பதற்காகவாவது அப்படித்தான் சொல்வாய்.