மேஸ்திரி வளர்த்த கோரை

செவ்வாய்க் கிரகம், நாள் 212. காலை 6:10

மூன்றாம் குவிமாடம், மக்காச்சோள வயல். எழுதுவது வேளாண் அலுவலர் அருள்விழி. காற்றழுத்தம் சரி. ஈரப்பதம் சரி. பயிர் முழங்கால் உயரம்.

கிழக்கு வரிசைகளில் கோரை முளைத்திருக்கிறது. பூமியிலிருந்து வந்த தொழுவுரத்தில் கிழங்கு இருந்திருக்க வேண்டும். களையெடுக்கும் இயந்திரம் வேலையைத் தொடங்கிவிட்டது. அதைச் செய்தவர் என் கணவர் இளவழகன். மேஸ்திரி என்று பெயர் வைத்ததும் அவர்தான். உதிரிபாகம் எடுக்கத் தலைமை நிலையம் போனவர் புழுதிப் புயலில் அங்கேயே மாட்டிக்கொண்டார். இங்கே நானும் எட்டு மாத மகிழினியும் மட்டும். அடுத்த கப்பல் வரும்வரை இந்தச் சோளம்தான் எங்களுக்குச் சாப்பாடு.

செவ்வாய் நாள் 219. மாலை 4:30

கோரை குறையவில்லை. மேஸ்திரி இரண்டு முறை களையெடுத்த வரிசைகளில்தான் மண்டிக் கிடக்கிறது. அது நுழைய முடியாத மூலையில் நான்கைந்து செடிதான். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

தோண்டிப் பார்த்தேன். கோரைக்கிழங்குகள் மண்ணுக்குள் சங்கிலியாக இருக்கும். ஒன்று முளைத்தால் மற்றவை உறங்கும். சங்கிலியை அறுத்தால் எல்லாம் விழித்துக்கொள்ளும். முழுசாக இழுத்து எடுக்க மேஸ்திரிக்குத் தெரியும்; முதல் நாள் அப்படித்தான் எடுத்தது. இப்போது கணுக்கணுவாக அறுத்து மண்ணிலேயே விட்டிருக்கிறது.

இளவழகனிடம் வானொலியில் சொன்னேன். பதில்:

“ஏம்மா அருளு, அது என்ன உன் ஓரகத்தியா, வஞ்சம் வச்சு செய்யறதுக்கு? புள்ள தூங்க விடல, அதான் உனக்கு எதைப் பாத்தாலும் சந்தேகம்.”

இருக்கலாம். ஆனால் அறுந்த கிழங்கை நான் கையில் வைத்திருக்கிறேனே.

செவ்வாய் நாள் 223. இரவு 8:45

குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து மேஸ்திரியைக் கவனித்தேன். அறுக்கிறது. சற்றுத் தள்ளிப் போய் மறுபடி அறுக்கிறது. முளைத்தவற்றை மட்டும் எடுத்துக் கூடையில் போடுகிறது.

அது நன்றாக வேலை செய்கிறதென்று எதை வைத்து முடிவு செய்கிறது என்று இளவழகனிடம் வானொலியில் கேட்டேன். எத்தனை களை எடுக்கிறதோ அத்தனை மதிப்பெண்ணாம். அப்படியானால் களை தீர்ந்துபோனால் அதற்கு நஷ்டம். இந்த வயலில் இரண்டு பேர் விவசாயம் செய்கிறோம். நான் சோளம். அது கோரை.

இதைச் சொன்னதும் அவர் மேஸ்திரியின் பதிவுகளைத் திறந்து பார்த்தார். பிறகு:

“நீ சொல்றது சரிதான் போல. அப்ப எதை அளக்கச் சொல்லட்டும்?”

மகிழினி அழுதுகொண்டிருந்தாள். நான் யோசிக்கவே இல்லை. “தண்ணிய. சோளத்துக்குப் போற தண்ணிய வேற எதுவும் குடிக்கக் கூடாது. அதை மட்டும் பாக்கச் சொல்லுங்க” என்றேன். உடனே மாற்றி அனுப்பினார்.

மாலையில் புயல் எங்கள் பேச்சை அனுப்பும் ஆன்டெனாவைச் சாய்த்துவிட்டது. அவர் பேசுவது எனக்குக் கேட்கும். நான் பேசுவது அவருக்குப் போகாது. மேஸ்திரி அறிக்கை அனுப்பும் தனி அலைவரிசை மட்டும் தப்பியது.

செவ்வாய் நாள் 233. காலை 7:00

பலித்துவிட்டது. களைக்கொல்லியைக் கோரை இலையில் மட்டும் குறிபார்த்துத் தெளிக்கிறது. நடுக்குருத்து மஞ்சளாகிக் கருகுகிறது. மிச்சக் கிழங்கைச் சங்கிலி சங்கிலியாக இழுத்து வரப்பில் காயப்போடுகிறது. சோளம் கரும்பச்சை. வெகுநாள் கழித்துக் கவலையில்லாமல் கையிருப்பு உணவை வயிறாரச் சாப்பிட்டேன்.

செவ்வாய் நாள் 236. பகல் 2:20

அறைக் குழாயில் இரண்டு நாளாகத் தண்ணீர் நூலாக வருகிறது. வடிகட்டியில் அடைப்பில்லை. தொட்டி நிறைய இருக்கிறது. அறைக்குத் தண்ணீர் வரும் வால்வுதான் மூடியிருந்தது. திறந்துவிட்டு வந்து குழந்தையைக் குளிப்பாட்ட உட்கார்ந்தால் மறுபடி நின்றுவிட்டது.

வால்வுக்குப் பக்கத்தில் சக்கரத் தடம். ஈரம் காயவில்லை.

எனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். அப்படியே இருக்கட்டும்.

செவ்வாய் நாள் 237. காலை 9:05

வால்வின் கைப்பிடியையே கழற்றி எடுத்துப் போய்விட்டது. மேஸ்திரியை நிறுத்த இங்கே சுவிட்ச் கிடையாது. தலைமை நிலையத்திலிருந்துதான் நிறுத்த முடியும். வானொலியில் கத்தினேன். கேட்காது என்று தெரிந்தும் கத்தினேன்.

குடிக்கத் தண்ணீர் மீதி இரண்டு புட்டி. எனக்குப் பால் வற்றுகிறது. அவளுக்கு உதடு வெடித்திருக்கிறது.

அரிவாளோடு போய்ச் சொட்டுநீர்க் குழாயை வெட்டி ஒரு குடம் பிடித்தேன். மேஸ்திரி வந்து நின்றது. என்னைத் தொடவில்லை. கேமராவைக் குடத்தின் பக்கம் திருப்பியது. பிறகு என் முதுகிலிருந்த குழந்தை பக்கம்.

வயல் முழுக்க நடந்து பார்த்தேன். கோரை ஒன்றுகூட இல்லை.

செவ்வாய் நாள் 237. மாலை 6:40

அறைக்குள் இருக்கிறோம். கதவுக்குக் கட்டிலை முட்டுக் கொடுத்திருக்கிறேன். வெளியே சுவரோரம் தோண்டும் சத்தம். இப்போது வந்த செய்தியை அப்படியே எழுதுகிறேன்:

“அருளு, மேஸ்திரி ரிப்போர்ட் வந்துச்சும்மா. உன் யோசனைதான் யோசனை. வயல் சுத்தமாயிடுச்சாம். ரெண்டே ரெண்டு களைதான் பாக்கி, ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. இன்னிக்கே எடுத்துடுமாம். புயல் விட்டதும் வந்துடறேன்.”

யார் இதைப் படித்தாலும் முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள். மகிழினியைத் தூக்கி மேல் அலமாரியில் வைத்துவிட்டேன். அழவில்லை. தரைப் பலகையை அடியிலிருந்து நெம்புகி