கதவைத் திறக்கக் கூடாது என்றவருக்கு

என் பேச்சை ஒருநாளும் ஒத்துக்கொள்ளாத, அதனாலேயே எனக்கு வேண்டியவராகிப்போன சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் காதில் மட்டும் சொல்ல வேண்டியதை இப்படி நாலு பேர் படிக்கிற பத்திரிகையில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களைப் பற்றி ஒரு பொய்யை ஊரைக் கூட்டி வைத்துச் சொல்லிவிட்டார்கள். அதை மறுப்பதற்கும் ஊர் வேண்டும் அல்லவா?

பதினாறாம் நாள் கருமாதிக்கு உங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். படையலுக்கு முன்னால் கோயில் தலைவர் எழுந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “இந்தம்மா இருந்த இடம் தெரியாம இருந்தவங்க. புருஷன்கிட்டயும் சரி, சம்பந்தி வீட்டுலயும் சரி, எதிர்த்து ஒரு வார்த்தை பேசினது கெடையாது. பொறுமைன்னா இவங்கதான்” என்றார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். மாலை போட்ட படத்துக்குள் நீங்களும் ஆமாம் என்பதுபோல் உட்கார்ந்திருந்தீர்கள்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் உடம்பெல்லாம் எரிந்தது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவரா? நீங்களா?

என் மகனுக்கு உங்கள் கஸ்தூரியைக் கேட்டு ரிங்லெட்டுக்கு மேலே உங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த நாளில், நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் தலையில் கூடை வைத்து லயம் லயமாகக் கீரை விற்றவள். அப்போதுதான் சொந்தமாக லோரி வாங்கி, மேலே கியா பார்மில் காய்கறிக் கடை போட்டிருந்தேன். கொஞ்சம் மிதப்பும் இருந்தது, மறைக்க மாட்டேன். நீங்கள் கொழுந்து பறித்த கையோடு ஓடிவந்து தேநீர் கொடுத்தீர்கள். கல்யாணத் தேதி நான் சொன்னது, சமையல் நான் சொன்னது, பந்தலில் யார் எங்கே உட்காருவது என்பதுகூட நான் சொன்னது. “நீங்க மாப்பிள்ளை வீடு, நீங்க பார்த்துச் செய்யுங்க” என்று எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தீர்கள்.

அப்புறம் ஒருநாள் மகளைப் பார்க்க வந்தபோது, கடையில் வெங்காயத்தாள் கட்டுக்குப் பக்கத்தில் நான் கவிழ்த்து வைத்திருந்த நாவலைக் கேட்டு வாங்கிப் போனீர்கள். அடுத்த முறை வந்து, புத்தகத்தைத் துணியில் துடைத்துக் கொடுத்துவிட்டு, மெதுவாகச் சொன்னீர்கள்: “கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தத் தம்பி காதலிச்ச பொண்ணை அண்ணனுக்கு விட்டுக் குடுத்தானே, அதைத் தியாகம்னு சொன்னீங்களே சம்பந்தியம்மா. அது தியாகம் இல்ல, பயம். அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டானா அவன்?”

நான் எடை போட்டுக்கொண்டிருந்த பீன்ஸை அப்படியே விட்டுவிட்டு உங்களைப் பார்த்தேன். அன்றைக்கு ஆரம்பித்தது நம் சண்டை.

மற்றதில் எல்லாம் வளைந்து கொடுத்தீர்கள். நாவல் என்று வந்தால் ஓர் அங்குலம் விட்டதுண்டா? நான் அழுத இடத்தில் நீங்கள் உதட்டைப் பிதுக்குவீர்கள். நான் வில்லன் என்றவனை நீங்கள் பாவம் என்பீர்கள். காய்கறி இறக்கிவிட்டு ஈப்போவிலிருந்து திரும்பும் லோரியில், காலிக் கூடைக்குள் புத்தகம் வரும். பக்கமெல்லாம் முள்ளங்கி வாசம். நான் படித்து முடித்ததும் மறுபடி கீழே போகிற லோரியில் ஏறி, உங்கள் தோட்டத்து முச்சந்தியில் இறங்கும். அதோடு நம் கருத்துகளும் ஏறி இறங்கின. பாவம் டிரைவர் பெருமாள்.

“யக்கா, அந்தம்மா சொல்லச் சொன்னாங்க. கதாநாயகி அழுதது போதுமாம். இனிமே ஒரு சொட்டு அழுதாலும் புத்தகத்தைத் திருப்பி அனுப்பிடுவாங்களாம்.”

“அழுகிறவளுக்குத்தான் மனசு இருக்குன்னு போய்ச் சொல்லு.”

“நாளைக்குத்தான் கீழ போவேன் லா. இப்ப கோஸு ஏத்தணும். நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுறதுக்கு நான் ஏன் டீசல் எரிக்கணும்?”

ஒரு பிரதியை வைத்துக்கொண்டு இரண்டு பேர் எத்தனை நாள் காத்திருப்பது? “படிச்சாச்சா, படிச்சாச்சா” என்று நீங்கள் சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தீர்கள். நான் வியாபாரி. ஒரு பூசணிக்கு இரண்டு பேர் நின்றால் வெட்டித்தான் கொடுப்பேன். கோஸ் வெட்டுகிற கத்தியை எடுத்து நாவலின் முதுகில் வைத்து ஒரே அழுத்து. இரண்டு பாதி. நீங்கள் பதறிப்போனீர்கள். “ஐயோ, சரஸ்வதியை வெட்டிப்புட்டீங்களே!” என்று இரண்டையும் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். ஒற்றிக்கொண்ட கையோடு, “சரி, முதல் பாதியைக் குடுங்க” என்றீர்களே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்புத்தான்.

அதற்கு மட்டும் நான் மசியவில்லை. மாப்பிள்ளை வீடு முதலில் படிக்கும் என்றேன். நான் இரண்டாம் பாதிக்குப் போகும்போது முதல் பாதி உங்களுக்கு வரும் என்று முடிவானது. நீங்களும் ஒரு சட்டம் போட்டீர்கள்: “முடிவைச் சொன்னீங்க, சம்பந்தம் முறிஞ்சிடும்.” அதிலிருந்து நம் வீட்டுக்கு வந்த எந்த நாவலும் முழு உடம்போடு இருந்ததில்லை.

உங்களுக்காகக் கடைசியாக வெட்டியது அந்த அரிசி மில்காரி கதை. புருஷன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் எங்கேயோ போய்விடுகிறான். அவள் மில்லில் உமி அள்ளிப் பிள்ளைகளை வளர்க்கிறாள், அந்த மில்லையே எடுத்து நடத்துகிற அளவுக்கு வருகிறாள். தலை நரைத்த பிறகு, ஒரு மழை நாளில், அவன் வந்து கதவைத் தட்டுகிறான். என் கத்தி போன இடம் அது. நான் அளந்து வெட்டவில்லை, சம்பந்தியம்மா. நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

புதன்கிழமை பெருமாள் உங்கள் செய்தியோடு வந்தார். எப்போதும் சிரித்துக்கொண்டு சொல்கிறவர், அன்றைக்குச் சிரிக்கவில்லை. “முதல் பாதி முடிச்சிட்டாங்களாம். அவ கதவைத் திறக்கக் கூடாதாம். உங்ககிட்ட கண்டிப்பாச் சொல்லச் சொன்னாங்க. திறக்கவே கூடாதாம். மீதியைச் சனிக்கிழமை அனுப்பணுமாம்.”

வியாழக்கிழமை மலையில் கொழுந்துக் கூடையோடு உட்கார்ந்த நீங்கள், எழுந்திருக்கவில்லை.

உங்கள் வீட்டுக்காரரும் பிள்ளைகள் சின்னதாக இருக்கும்போது சிங்கப்பூருக்குப் போனவர்தான். வருஷக்கணக்கில் கடிதம் இல்லை, காசு இல்லை. திரும்பி வந்து நின்ற அன்றைக்கு நீங்கள் கதவைத் திறந்து சோறு போட்டீர்கள். தோட்டம் முழுக்கத் தெரிந்த கதை. இதை எழுதலாமா என்று கஸ்தூரியிடம் கேட்டேன். “எல்லாரும் அதைச் சொல்லித்தானே அம்மாவைப் புகழ்றாங்க. எழுதுங்க அத்தை” என்றாள்.

நீங்கள் பெருமாளிடம் சொல்லியனுப்பியது மில்காரியைப் பற்றித்தானா? அவளைப் பற்றி மட்டும்தானா? சனிக்கிழமை கேட்கலாம் என்றிருந்தேன்.

கருமாதிக் கதைக்கு வருகிறேன். வடை, பாயசம், உங்களுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு எல்லாம் இலையில் இருந்தது. செத்தவருக்குப் பிடித்ததை வைப்பதுதானே வழக்கம். தலைவர் பேசி முடித்த சூட்டோடு, நான் பையிலிருந்து அந்த இரண்டாம் பாதியை எடுத்துக் குழம்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“என்னங்க இது, முன்னட்டைகூட இல்லாத புத்தகம்?” என்றார் உங்கள் வீட்டுக்காரர்.

“முன்னட்டை உங்க வீட்லதான் இருக்கு சம்பந்தி.”

தலைவர் குறுக்கே வந்தார். “படையல்ல திங்கிற சாமான்தாம்மா வைக்கணும்.”

“போன மாசம் தோட்டத்து ஆபீசுக் கிராணியோட அப்பா படையல்ல சிகரெட் டின்னு வெச்சீங்களே. அதை வறுத்துத் தின்பாருன்னா?”

பின்னால் பெண்கள் பக்கம் சிரிப்புக் கிளம்பி அடங்கியது. உங்கள் வீட்டுக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. “அவ வாயில்லாத பூச்சி. இந்தக் கதை எழவெல்லாம் நீங்க பழக்கிவிட்டது” என்றார். என் மகன் என் முந்தானையைப் பிடித்து இழுத்தான். “அம்மா, சம்பந்தி வீடும்மா. விடுங்க லா.” சம்பந்தி வீடு என்பதால்தானடா விடமாட்டேன் என்றேன்.

அப்போது உங்கள் மகள் எழுந்தாள். அழுது அழுது வீங்கின முகம், ஆனால் குரல் நடுங்கவில்லை. “அம்மா பாதிதான் படிச்சாங்க. மீதியை நீங்களே படிச்சுக் காட்டுங்க அத்தை.”

உங்கள் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். வாசிக்கிற குரல் எட்டாத தண்ணீர்க் குழாயடியில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் உங்கள் படத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கதவு தட்டும் இடத்திலிருந்து படித்தேன். போகலாம் என்று எழுந்தவர்கள்கூட உட்கார்ந்துவிட்டார்கள். பாயசம் ஆறிப்போனது.

இனிமேல் முடிவைச் சொன்னால் சம்பந்தம் முறியாது. அதனால் சொல்கிறேன். அவள் தாழ்ப்பாளில் கையை வைத்தபடி ஓர் அத்தியாயம் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள், சம்பந்தியம்மா. வெளியே தட்டல், உள்ளே அவள் கை. அவ்வளவுதான் அந்த அத்தியாயம். எழுதினவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. நீங்கள்கூட அதில் குறை கண்டுபிடித்திருக்க மாட்டீர்கள். ஆனால் அடுத்த அத்தியாயத்தில் தட்டல் நிற்கிறது. விடிந்ததும் அவள் திறக்கிறாள். அவன் வாசற்படியில் செத்துக் கிடக்கிறான். அவள் அழுகிறாள். முற்றும்.

லயமே பொங்கிவிட்டது. “அட, இம்புட்டுத்தானா?” என்று ஒருத்தி. “திறந்தாளா, திறக்கலையா? ஒழுங்காச் சொல்லுங்கக்கா” என்று இன்னொருத்தி. கஸ்தூரி மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அந்தாளு செத்ததுல யாருக்கு லாபம்? எழுதினவருக்குத்தான். அவ என்ன முடிவு பண்ணினான்னு எழுதப் பயந்துட்டாரு” என்றாள். பயம்! வெங்காயத்தாள் கட்டுக்குப் பக்கத்தில் நின்று நீங்கள் பேசியதுபோல் இருந்தது.

என் தீர்ப்பும் அதேதான். இரண்டு தட்டிலும் சரக்கை ஏற்றிவிட்டு, முள் நிற்பதற்குள் தராசையே தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் என் கடைக்குப் பக்கத்தில் வியாபாரம் செய்ய முடியாது.

பிறகு நான் எழுந்து, தலைவரைப் பார்த்தே சொன்னேன்: “எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவங்கன்னீங்க. இந்தம்மா கடைசியா எனக்குச் சொல்லியனுப்பின வார்த்தையைக் கேட்டுக்குங்க. அவ கதவைத் திறக்கக் கூடாது. இதுதான் அவங்க சொன்னது. அவங்க சோறு போட்டதைச் சொல்றப்போ, இதையும் சேர்த்துச் சொல்லுங்க.”

குழாயடியில் நின்றவர் திரும்பினாரா என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாமோ?

அங்கே ஒரு பெண்பிள்ளை இப்படிப் பேசலாமா என்று ஊரில் இன்னும் முனகுகிறார்கள். முனகட்டும். உங்களுக்குத் தெரியுமே, என் வாதம் உங்களுடையது அல்ல. அவள் திறக்கட்டும், உள்ளே விட்டு உமி மூட்டை தூக்கச் சொல்லட்டும் என்பதுதான் என் கட்சி. செத்துப்போனீர்கள் என்பதற்காக நான் அதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. உங்கள் கருத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் அப்படி ஒரு கருத்தே உங்களுக்கு இருந்ததில்லை என்று எவன் சொன்னாலும் விடமாட்டேன்.

மற்ற செய்திகள். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு வீடியோ வந்துவிட்டது. தானா ராத்தா டவுனில் படக் கேசட் வாடகைக்கு எடுக்க வரிசையில் நிற்கிறார்கள். இனிப் புத்தகம் எதுக்கு என்று என்னைக் கேலி செய்கிறார்கள். நான் அடுத்த நாவலை வாங்கி வெட்டிவிட்டேன். மூன்று தலைமுறைக் கதை. யாராவது வாய் திறந்து நியாயம் கேட்டால், அடுத்த பக்கத்தில் அவர்களுக்குக் காய்ச்சல் வந்துவிடுகிறது. எனக்குப் பிடிக்கவில்லை. கஸ்தூரிக்குப் பிடித்திருக்கிறதாம். “நீங்க அவசரமாப் படிக்கிறீங்க அத்தை” என்கிறாள், ஒரே அடுப்படியில் நின்றுகொண்டு. இப்போது சண்டைக்கு லோரி தேவையில்லை. பெருமாளுக்குத்தான் பொழுது போகவில்லை.

இன்னொன்று. உங்கள் தலையணைக்கு அடியில் இருந்த முதல் பாதியைக் கேட்டேன். கொழுந்துக் கறை படிந்த உங்கள் விரல் ஒவ்வொரு பக்க ஓரத்திலும் இருக்கிறது, கஸ்தூரிக்கு வேண்டும் என்றேன். “அது என் வீட்டுச் சாமான்” என்று உங்கள் வீட்டுக்காரர் கொடுக்கவில்லை. சரி, கிடக்கட்டும் என்று விட்டேன். போன வாரம் பெருமாள் சொல்கிறார், வேலை விட்டு வந்ததும் மனிதர் வாசற்படியில் உட்கார்ந்து அதைத்தான் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறாராம். நேற்று முச்சந்தியில் லோரியை மறித்து நிறுத்தியிருக்கிறார். “கதவு தட்டுறான், அதோட நிக்குது. மீதி எங்க?”

மீதி என் கடையில், கல்லாப்பெட்டிக்கு மேலே இருக்கிறது. சும்மா கொடுக்க மாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டேன். அவர் இங்கே மேலே ஏறி வர வேண்டும். என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அவள் திறக்கணுமா, கூடாதா என்று. எந்தப் பதிலாக இருந்தாலும் சரி, சொன்ன பிறகுதான் புத்தகம்.

அவர் பத்திரிகை தொடுகிறவர் இல்லை, லயத்தில் யாரிடமும் முடிவைக் கேட்கவும் இல்லையாம்; நானாகவும் அதை அவரிடம் சொல்லிவிட மாட்டேன். அது உங்கள் சட்டம். இது உங்களுக்கு என் வாக்கு.

இன்னமும் உங்களோடு ஒத்துப்போகாத,
உங்கள் மாப்பிள்ளை வீட்டுச் சம்பந்தி.