பதினெட்டாவது படமும் என் முழங்கையும்

மார்ச் 3, திங்கள்

இன்று பாத்திரத்தின் கண்ணாடி மூடியைக் கீழே போட்டு உடைத்தேன். "கையா அது, சல்லடையா?" என்றாள் மனைவி. கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் நான் போட்டு உடைத்தவற்றின் பட்டியல் அவளுக்குத் தலைகீழ் மனப்பாடம். அதனால்தான் அவளுடைய ஃபிலிம் கேமராவை நான் பார்க்கலாம், தொடக் கூடாது. அதைப் பஞ்சால் ஒற்றி ஒற்றித் துடைக்கிறாள். என் முதுகை ஒருநாள் அப்படித் தடவியிருப்பாளா?

மார்ச் 6, வியாழன்

நூலகத்துக்குப் போகும் வழியில், குளத்துப் படிக்கட்டில் ஒரு மீன்கொத்தி. மூன்று நாளாகப் பார்க்கிறேன். கேமராவைக் கீழே போடாமல் ஒரே ஒரு படம் எடுத்து அவள் முன்னால் வைத்தால் — வாயடைத்துப் போவாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. சும்மா குறித்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

மார்ச் 9, ஞாயிறு

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது போல இருக்கிறது. கேமராவில் ஒரு கீறல் இல்லை.

மார்ச் 10, திங்கள்

இதையும் இடது கையால்தான். ஆனாலும் எழுதியே ஆக வேண்டும்.

நேற்று, படிக்கட்டில் பாசி. மீன்கொத்தியை எடுத்து, ஃபிலிமைச் சுற்றிவிட்டு, இன்னொன்று எடுக்கலாமே என்று ஒரு படி இறங்கினேன். பேராசை! கால் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கேமராவை மட்டும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டே விழுந்தேன். விழும்போது விரல் வேறு அழுத்திவிட்டது. கேமராவில் பதினேழில் இருந்த பட எண் இப்போது பத்தொன்பது. ஃபிலிமில் விழுந்ததை அழிக்கவா முடியும்? கேமராவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அவள் வந்ததும் "பாத்ரூமில் வழுக்கிட்டேன்" என்றேன்.

காலையில் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அங்கே எக்ஸ்ரே எடுப்பவள் யார்? சாட்சாத் அவளேதான். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, "அசையாதீங்க" என்றாள். படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"வழுக்கி விழுறவங்க கையை ஊனுவாங்க, மணிக்கட்டு உடையும். இருபது வருஷமா பாக்குறேன். உங்களுக்கு உள்ளங்கையில ஒரு சிராய்ப்பு இல்ல. முழங்கை நுனி மட்டும் விரிசல் விட்டிருக்கு. எதைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு விழுந்தீங்க?"

"சோப்பு" என்றேன்.

சோப்பு! அட மடையா, வேறு எதுவுமே வாயில் வரவில்லையா?

மார்ச் 13, வியாழன்

கேமராவின் எண்ணைப் பார்த்துவிட்டாள். மீதி ஃபிலிமை என் மேல் தீர்க்கிறாள். மாவுக்கட்டோடு நான் சட்டைக்குள் தலை மாட்டிக்கொண்டு நின்றது, ஒற்றைக் கையால் பிஸ்கட் பாக்கெட்டைக் கடித்தது — எல்லாம் க்ளிக். திட்டியாவது தொலைக்கலாம்ல?

மார்ச் 22, சனி

படங்கள் கழுவி வந்தன. பதினெட்டில் தண்ணீரும் ஒரு வாலும். பத்தொன்பதில், மேலிருந்து எடுத்த என் வழுக்கை. இவ்வளவு பெரிதாகவா ஆகிவிட்டது? அவள் அதை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள்.

"கேமராவை விட்டுட்டுக் கையை ஊனியிருந்தா, முழங்கை பிழைச்சிருக்கும்."

"நான் பிழைச்சிருப்பேனா?"

சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். "சோப்பாம்" என்றாள். மறுபடி சிரித்தாள். எனக்கு இரண்டு வாரப் பாரம் இறங்கியது.

மார்ச் 23, ஞாயிறு

லீவு போட்டுவிட்டாள். இருவரும் குளத்துக்குப் போனோம். வழுக்கைப் படத்தைக் காலையிலேயே கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டாள், பக்கத்தில் எக்ஸ்ரேயும். வருகிறவர்கள் என்ன நினைப்பார்களோ.

படிக்கட்டில் நின்று, "செருப்பைக் கழட்டணும், இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று கேமராவை என் கழுத்தில் மாட்டினாள். இடது கையால் பிடித்துக்கொண்டேன். மீன்கொத்தி வந்தது, போனது. நான் மூச்சுகூட விடவில்லை.

கேமராவை வைக்கப் பக்கத்திலேயே ஒரு பெஞ்ச் இருந்தது. காலியாக, ஈரமில்லாமல்.