சத்தம் இருக்கு, அப்ப பிரேக் இருக்கு

அன்பு மச்சான்,

1. அட்டன் நகரில் சட்டத்தரணியாகவும் பிரசித்த நொத்தாரிசாகவும் தொழில் புரிபவனும், உங்கள் மனைவி ராஜேஸ்வரிக்கு உடன்பிறந்த ஒரே அண்ணனுமாகிய மாரிமுத்து சந்திரசேகரன் என்னும் நான், இதில் சொல்லப்படுபவை எல்லாம் நான் நேரில் கண்டவை, காதால் கேட்டவை, அல்லது என் முழங்கையில் இன்னும் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருப்பவை என்று உறுதி கூறுகிறேன்.

2. இதில் 'நீங்கள்' எனப்படுபவர், கொட்டகலை பஜாரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவரும், கல்யாணம், காதுகுத்து என்று ஒரு தோட்டம் விடாமல் படம் பிடித்தவரும், சென்ற மழைக்காலத்தில் எங்களை விட்டுப் போனவருமாகிய தங்கவேல் ஆவார். 'கார்' எனப்படுவது உங்களுடைய அந்த வெள்ளைக் கார். நெஞ்சு வலிக்கிறது என்று நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனது திரீவீல் ஆட்டோவில். ஆகையால் கார் மீது எவருக்கும் எந்த மனக்குறையும் இல்லை என்பதையும் இத்தால் பதிவு செய்கிறேன்.

3. 'சத்தம்' எனப்படுவது எது என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கார் நிற்கப்போகும் ஒவ்வொரு தடவையும் முன்சக்கரங்களிலிருந்து எழுந்து, கீச்சென்று தொடங்கி, இழுத்துக்கொண்டே போய், ஏதோ ஒரு பிராணியின் மேல் ஏறிவிட்டோமோ என்று புதிதாக ஏறியவரைக் குனிந்து பார்க்கவைக்கும் ஓசை.

இதற்கு மேல் எண் போடமாட்டேன். நான் எண் போட்டு எழுதிய எதையும் நீங்கள் மூன்றாம் பந்திக்கு மேல் படித்ததில்லை.

அந்தச் சத்தத்தைப் பற்றி உங்களிடம் நான் பேசாத நாளில்லை. பிரேக் பேட் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இரு புறமும் கவ்விப் பிடிக்கும் கட்டை. அது தேய்ந்து மெலியும்போது, அதில் பொருத்தியுள்ள சின்னத் தகடு ஒன்று தட்டில் உரசிக் கத்தும். அது சட்டத்தில் அறிவித்தல் கொடுப்பதற்குச் சமம் என்று சொன்னேன். அறிவித்தலுக்குப் பதில் அனுப்ப வேண்டும் என்றும் சொன்னேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்?

"மச்சான், சத்தம் இருக்கு, அப்ப பிரேக் இருக்கு. சத்தம் நின்னாத்தான் பயப்படணும்."

அப்படியே எப்போதாவது பேட் மாற்றினாலும், பழைய சாமான் கடையில் வேறு யாரோ தேய்த்து முடித்ததை வாங்கி வந்து போடுவீர்கள். போட்ட அன்றே அதுவும் கத்தத் தொடங்கும். ஊரும் அதற்குப் பழகிப்போனது. கல்யாண வீடுகளில் உங்கள் சத்தம் மேட்டு வளைவில் கேட்ட பிறகுதான் மாப்பிள்ளை முகம் கழுவப் போவார். ராஜேஸ்வரியோ அதைக் கேட்டதும் அடுப்பில் கேத்தலை வைப்பாள். நீங்கள் செருப்பைக் கழற்றும்போது தேத்தண்ணி தயாராக இருக்கும்.

இனிச் செய்திக்கு வருகிறேன். உங்கள் மகள் நிலானிக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்துவிட்டது. றொசல்லைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலை. ரயிலில் போகலாம்தான். ஆனால் ரயில் போய்ச் சேரும் நேரத்துக்குப் பிள்ளைகள் இடைவேளைக்கு வந்திருப்பார்கள். ஆகவே, "அப்பாட கார்ல போறேன்" என்றாள். லைசென்ஸ் எடுத்துவிட்டாள். நன்றாகவும் ஓட்டுகிறாள். அதாவது, உங்களைப்போல் அல்ல.

அட்டனிலிருந்து கீழே இறங்கும் வீதி எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். நான் சக்கரத்துக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தேன். பேட் என்று சொல்ல அங்கே அதிகம் மிச்சமில்லை. எல்லாம் மாற்றும் வரை கார் வாசலைத் தாண்டக் கூடாது என்று அறிவித்தேன். கராஜுக்கு அழைத்துப் பேசினேன். மெக்கானிக் பாஸ் அடுத்த கிழமைக்குப் பிறகுதான் மேலே ஏறி வர முடியும் என்றார். அவசரம் என்றால் காரைக் கீழே கொண்டு வரச் சொன்னார். பிரேக் மாற்றும் இடத்துக்குப் போய்ச் சேரப் பிரேக் வேண்டும் என்று விளக்கினேன். "அதும் சரிதான் தொர" என்று வைத்துவிட்டார். நிலானி வேலைக்குச் சேரவேண்டியதோ திங்கட்கிழமை.

எனவே சனிக்கிழமை காலை, புதிய பேட்களை வாங்கிக்கொண்டு, நானே செய்வதென்று உங்கள் வீட்டு வாசலில் போய் நின்றேன். மச்சான், வழக்கு அங்கேதான் ஆரம்பமானது.

"அண்ணே, டயர மாத்துங்க. சீட்ட மாத்துங்க. வேணும்னா காருக்குப் பச்சை கலரடிங்க. அந்தச் சத்தத்த மட்டும் தொடாதீங்க" என்றாள் உங்கள் மனைவி.

"சத்தம்தான்மா பழுதே."

"அவரு வீட்டுக்கு வாற சத்தம் அது. ஒங்களுக்குப் பழுது. எனக்கு?"

நீதிமன்றத்தில் இப்படியொரு கேள்வி வந்தால் அவகாசம் கேட்பேன். வாசலில் யாரிடம் கேட்பது? உங்கள் சட்டைகள் போய்விட்டன, ஸ்டூடியோவை வேறொருவர் நடத்துகிறார். அவளுக்கு மிஞ்சியது அந்தக் கீச்சு ஒன்றுதான் என்பது எனக்கும் விளங்கியது. அது இருந்தால் மகள் பள்ளத்தில் இறங்க முடியாது என்பதும் விளங்கியது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நிலானிதான் பேசினாள். "அம்மா, கார்ல போகப்போறது அப்பா இல்ல. நான்."

ராஜேஸ்வரி உள்ளே போனாள். திரும்பி வந்து, நான் உட்கார்ந்து வேலை செய்வதற்கு ஒரு சாக்கைத் தரையில் விரித்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டாள். அதை நான் எழுத்தில் இல்லாத சம்மதமாக ஏற்றுக்கொண்டேன்.

நான் எதையும் ஒழுங்காகச் செய்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். பின்சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்தேன். நட்டுகளைத் தளர்த்திய பிறகே ஜெக் அடித்தேன். நிலானி போனில் ஒரு வீடியோ போட்டாள். அதில் வந்தவர் பேசியது என்ன மொழி என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. ஆனால் நம்பிக்கையோடு பேசினார். பேட்களைப் பிடித்திருக்கும் இரும்புக் கவ்வியைக் கழற்றியதும், அதைத் தொங்கவிடாதீர்கள், பிரேக் ஒயில் குழாய் பழுதாகும் என்று கையைக் காட்டிச் சொன்னார். அது மட்டும் புரிந்தது. கட்டுவதற்குக் கயிறு தேடியபோது காரின் பின்சீட்டில் உங்கள் ஸ்டூடியோ டை கிடந்தது. அடையாள அட்டைப் படத்துக்காக இந்தப் பிரதேசத்தின் ஆண்கள் எல்லாரும் ஒருமுறையாவது கட்டிக்கொண்ட அதே நீல டை. நானும் அதைக் கட்டித்தான் சட்டக் கல்லூரிக்குப் படம் அனுப்பினேன். அந்த டையாலேயே கவ்வியை மேலே தூக்கிக் கட்டினேன். கவ்வி மிக மரியாதையாகத் தெரிந்தது.

இடம், வலம் என்ற சொற்களை நான் நம்புவதில்லை. எவருடைய இடம்? எந்தப் பக்கம் பார்த்து நிற்பவருடைய வலம்? காணி உறுதிப் பத்திரம் எழுதும்போது வடக்கு, தெற்கு என்றுதானே எல்லை சொல்கிறோம்? அப்படியே பழைய பத்திரிகைத் தாளை விரித்து, புதிய பேட்களை அதன்மேல் பிரித்து வைத்து, எழுதினேன்: 'வடக்குச் சக்கரம்: எல்லை, ராஜேஸ்வரியின் லீக்ஸ் பாத்தி. தெற்குச் சக்கரம்: எல்லை, சோமபாலவின் மதில்.' நிலானி தாளைப் படித்துவிட்டு, "மாமா, கிழக்குல யாரு காணி?" என்று கேட்டாள். நான் ஸ்பேனரை எடுத்தேன்.

வடக்குச் சக்கரத்தை முடித்தேன். சக்கரத்தையும் பூட்டி, ஜெக்கை இறக்கிவிட்டு, கை கழுவித் தேத்தண்ணி குடிக்க உள்ளே போனேன். அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு சோமபால தன் மரக்கறி லொறியோடு வந்து, "துவே, கார் எக்க பொட்டக் அய்ன் கரன்ன" என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார். காரைக் கொஞ்சம் எடு மகளே என்று கேட்டால் நிலானி எடுக்காமல் இருப்பாளா? பெடலைப் பலமுறை மிதித்து இறுக்கிக்கொண்டு, காரை ஒழுங்கைக்கு எடுத்து லொறிக்கு வழிவிட்டிருக்கிறாள். திரும்ப வரும்போது, திங்கட்கிழமை வெளியே போக வசதியாக இருக்கட்டும் என்று ரிவர்ஸில் விட்டு நிறுத்தி, கல்லும் வைத்துவிட்டு, கூட்டாளியோடு போன் பேசப் பின்பக்கம் போய்விட்டாள்.

நான் வெளியே வந்தேன். காரின் முகம் எந்தப் பக்கம் என்று நான் ஏன் பார்க்கப்போகிறேன்? எனக்கு எல்லைதான் முக்கியம். நேராகச் சோமபாலவின் மதில் பக்கம் போய்ச் சாக்கைப் போட்டேன். தெற்குச் சக்கரத்தைக் கழற்றினேன். கவ்வியைத் திறந்தேன்.

உள்ளே இருந்தவை புத்தம் புதிய பேட்கள்.

மச்சான், என் கண் கலங்கியது. இத்தனை காலம் உங்களை எவ்வளவு பேசியிருக்கிறேன்! போவதற்கு முன் ஒரு பக்கத்தையாவது யாருக்கும் சொல்லாமல் புதிதாகப் போட்டு வைத்திருக்கிறீர்களே என்று நினைத்து, ராஜேஸ்வரியைக் கூப்பிட்டேன்.

"தங்கச்சி, இங்க வந்து பாரு! ஒன் புருஷன் ஒரு பக்கம் புதுசா மாத்தி வச்சிட்டுத்தான் போயிருக்காரு!"

அவள் ஓடிவந்து குனிந்து பார்த்தாள். தாவணி போடாத சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த அந்த முகம், வழக்கில் வென்றவர் முகம்போல் நிமிர்ந்தது. "பாத்தீங்களா? சும்மா சும்மா அவர வாய்க்கு வந்தபடி பேசுனீங்களே. மகளுக்குன்னு செஞ்சி வச்சிருக்காரு."

"என் தவறுதான். அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்" என்றேன், நல்ல எழுத்துத் தமிழிலேயே.

நிலானி போனோடு வந்தாள். சக்கரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"மாமா, அது காலையில நீங்க போட்டது."

"இது தெற்கு."

"காரத் திருப்பி வச்சிருக்கேன் மாமா. இப்ப வடக்குத்தான் தெற்கு."

ராஜேஸ்வரி மதிலைப் பிடித்துக்கொண்டாள். அழப்போகிறாளோ என்று பயந்தேன். அவள் சிரித்தாள், மச்சான். சாக்கிலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அவருகிட்ட மன்னிப்பு வேற கேட்டுட்டீங்களேண்ணே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்த மன்னிப்பு இப்போது செல்லுபடியாகுமா என்று எனக்குத் தெரியவில்லை. வாபஸ் பெறவில்லை. வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு லீக்ஸ் பாத்திப் பக்கம் போய், உங்கள் உண்மையான பேட்களைக் கழற்றினேன். ஒன்று பிஸ்கட் அளவுக்கு இருந்தது. மற்றது பிஸ்கட்டின் மேலிருக்கும் சீனி அளவுக்கு. இதை வைத்துக்கொண்டு எப்படி மச்சான் இவ்வளவு காலம் மலை இறங்கினீர்கள்? காரை நிறுத்தியது பிரேக்கா, உங்கள் வாயா?

எல்லாம் பூட்டியபின் நானும் பெடலைப் பலமுறை மிதித்து, கால் இறங்காமல் கெட்டியாக நின்றதைச் சோதித்தேன். அண்டைக் கல்லை எடுத்தேன். நிலானி ஓட்ட, நான் பக்கத்தில் இருந்தேன். ராஜேஸ்வரி வரமாட்டேன் என்றாள். பஜார் வரை இறங்கினோம். கார் நிற்கச் சொன்ன இடத்தில் நின்றது. ஒரு சத்தமும் இல்லை. புடவைக்கடைக்காரர் எங்களைப் பார்த்தார். ஆனால் கார் நின்று சற்று நேரத்துக்குப் பிறகுதான் பார்த்தார். ஊருக்கே காது அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது.

திரும்பி ஏறி, வீட்டு வளைவுக்கு வந்தபோது, நிலானி வேகத்தைக் குறைத்தாள். நீங்கள் எப்போதும் பிரேக் பிடிக்கும் இடம். கார் பூனைபோல் திரும்பியது. அடுக்களை ஜன்னலில் அசைவே இல்லை. நாங்கள் வந்தது உள்ளே தெரியவில்லை. எனக்கு அந்த நிமிடம், நான் செய்த வேலை சரியா என்று உண்மையிலேயே தெரியவில்லை, மச்சான்.

அப்போது உங்கள் மகள் ஜன்னலைக் கீழே இறக்கி, தலையை வெளியே நீட்டி, தொண்டை நரம்பு தெரியக் கத்தினாள்:

"கீஈஈஈஈச்!"

சோமபாலவின் நாய் குரைத்தது. அடுக்களைக்குள் கேத்தல் மூடி விழுந்த ஓசை கேட்டது. "இந்தா, வச்சிட்டேன்!" என்ற குரலும் கேட்டது. பிறகு, "அடி எருமை, பயந்துட்டேன்டி!" என்று திட்டிக்கொண்டே, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தாள்.

தேத்தண்ணி குடிக்கும்போது, புதிய பேட்டிலும் அந்தச் சின்னத் தகடு இருக்கிறது என்று அவளுக்குச் சொன்னேன். இப்போது கட்டை தடிப்பாக இருப்பதால் அது தட்டில் படாது. தேயத் தேயக் கிட்டே வரும். ஒரு நாள் உரசும். உரசினால் அதே சத்தம்தான்.

"அதேவா?"

"அதே."

"எப்ப?"

"அது ஓட்டுறவங்களப் பொறுத்தது. அடிக்கடி பிரேக் புடிச்சா சீக்கிரம் தேயும்."

அவள் கோப்பையை வைத்துவிட்டு மகள் பக்கம் திரும்பினாள். "அப்பச் சரி. நீ எங்கயும் பறக்காத. எல்லா வளைவுலயும் நல்லா பிரேக் புடிச்சிப் புடிச்சிப் போ."

திங்கட்கிழமை பாடசாலை வாசல் வரை அவளும் காரில் போய் வந்தாள், மச்சான். அன்று பஜாருக்கே வரமாட்டேன் என்றவள், முன்சீட்டில்.

ஆகவே உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்குறுதி இது. அந்தத் தகடு என்றைக்குக் கத்தத் தொடங்குகிறதோ, அன்றைக்கே கழற்றிவிட மாட்டேன். பேட் எஞ்சியிருக்கிறது என்று நான் டோர்ச் அடித்துப் பார்த்துத் திருப்திப்பட்டபின், மழையில்லாத ஒரு பின்னேரத்தில், நானே காரை ஓட்டிக்கொண்டு அந்த வளைவால் வருவேன். பிரேக்கை மெதுவாக, நீளமாகப் பிடிப்பேன். உங்கள் மனைவி கேத்தலை வைப்பாள். தேத்தண்ணியைக் குடித்து முடித்து, அதன் பிறகே புதிய பேட் போடுவேன். இந்த வாக்கு அதற்கடுத்து வரும் எல்லாப் பேட்களுக்கும் பொருந்தும்.

இந்த முறை காரின் முகம் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்வேன்.

உங்கள் சம்சாரத்தின் அண்ணனும்,
உங்களிடம் ஒரு மன்னிப்பை முன்கூட்டியே கட்டிவைத்திருப்பவனுமாகிய,
உங்கள் மச்சான்,
மா. சந்திரசேகரன்

(என் ஒப்பத்தை நானே அத்தாட்சிப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை. ஆதலால் கீழ்க்காணும் இருவர் முன்னிலையில் ஒப்பமிட்டேன்.)

சாட்சிகள்:
தங்கவேல் ராஜேஸ்வரி. வாசித்துக் காட்டியபின் ஒப்பமிட்டார். 'முன்சீட்டில்' என்பதை வெட்டச் சொன்னார், வெட்டவில்லை.
தங்கவேல் நிலானி. ஒப்பத்துக்குப் பதிலாகக் கத்தினார். நாய் மீண்டும் குரைத்தது.